தேயிலை ஆலை உலோகங்கள்

தேயிலை ஆலை உலோகங்கள் என்பவை கொழுந்தை வெட்டவும் உருட்டவும் உலர்த்தவும் வேண்டிய கருவிகளுக்கு உகந்த பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு வகைகள். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்திலும் அதன்பின் எழுந்த தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இவற்றோடு புழங்கி வந்திருக்கிறார்கள்.

பாலத்துக்கு எஃகு தேர்பவர் முதலில் வலிமையைப் பார்ப்பார். தேயிலை ஆலையில் இலைச்சாற்றையும் பார்க்க வேண்டும். கொழுந்தின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் கருநீலச் சேர்மம் உண்டாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும், வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதும் இதே வேதியியல்தான். ஆகவே சாறு படும் இடத்தில் வெற்று இரும்பு ஆகாது.

வாடிய கொழுந்தை அழுத்தி முறுக்கும் எந்திரத்தை 1870-களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கினார். இவ்வகை உருட்டு மேசைகளில் இலை உரசும் பரப்புக்குப் பித்தளை நெடுங்காலம் பயன்பட்டது. அதன் உள்ளமைப்பு எளியது: செம்பின் முகப்பு மைய கனசதுரப் படிகத்தில் சில செம்பணுக்களின் இடத்தைச் சற்றுப் பெரிய துத்தநாக அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது இவை தடையாகின்றன. பதப்படுத்திய தூய செம்பின் இழுவலிமை சுமார் 220 மெகாபாஸ்கல். 30 விழுக்காடு துத்தநாகம் சேர்த்தால் அது 300-ஐத் தாண்டும். வலிமை கூடியும் நெகிழ்ச்சி குன்றாதது பித்தளையின் அருமை. பாதிக்கு மேல் நீண்ட பிறகே அறுபடும்.

அதற்கும் ஒரு பகை உண்டு. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. உருவாக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கமும், அருகிலிருந்த குதிரை லாயங்களின் அம்மோனியாவும் சேர்ந்தே படிகமணிகளின் எல்லை வழியே விரிசலை ஓட்டின. வளைத்த பித்தளைத் தகட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது இதனால்தான்.

இன்று பரவலாக உள்ள துருப்பிடிக்காத எஃகில், நம் வீட்டு எவர்சில்வரில், சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குரோமியம் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமாகப் பரவிக் காக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் மூடிக்கொள்ளும். நிக்கல் முகப்பு மைய அமைப்பை அறை வெப்பத்திலும் நிலைநிறுத்துகிறது. விறைப்பில் இது பித்தளையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு: மீள்மைக் குணகம் 193 கிகாபாஸ்கல், பித்தளைக்கு 110. எந்திரக் கால்களுக்கு வார்ப்பிரும்பு போதும். அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் அதிர்வை விழுங்கும்; அதே செதில்களால்தான் அது இழுவிசைக்கு எளிதில் முறியும்.

கொழுந்து வெட்டும் கத்தரி வேறு கதை. கூர்மை நிற்கக் கார்பன் மிகுந்த எஃகு வேண்டும். சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கார்பன் அணுக்கள் வெளியேற வழியின்றிப் படிகத்துக்குள் சிக்கி அதைப் பிதுக்குகின்றன. இப்படி உண்டாகும் மார்ட்டென்சைட் மிகக் கடினம். ஆனால் கல்லில் பட்டால் சில்லாகத் தெறிக்கும். 200 பாகை செல்சியசுக்கு மேல் மீண்டும் இளஞ்சூடு காட்டினால் கடினத்தில் கொஞ்சம் இழந்து உடையாத தன்மையைப் பெறும். சாணை பிடிக்கையில் விளிம்பு நீலம் பூத்தால் சூடு 300 பாகையை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடம் மென்மையாகிவிடும், நீலம் போகும்வரை தேய்த்துப் புதுவிளிம்பு எடுக்க வேண்டும். அதனால்தான் சாணைக்கல்லின் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கும்.