கிளேர் சீமாட்டி

இடைக்கால ஐரோப்பாவின் பிரபுகுலப் பெண் என்றதும் கோட்டைச் சாளரத்தருகே எவருக்காகவோ காத்திருக்கும் உருவமே நம் நினைவில் எழுகிறது. ஆவணங்கள் காட்டும் பெண் வேறு. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் பேத்தியான எலிசபெத் த பர்கின் (1295–1360) வாழ்வை நோக்குவோம்.

1314இல் பானக்பர்ன் போரில் அண்ணன் கில்பர்ட் வாரிசின்றி மடிய, கிளேர் குடும்பத்தின் பெருநிலங்கள் மூன்று சகோதரிகளுக்கும் பங்காயின. முந்தைய ஆண்டே கணவனை இழந்திருந்த எலிசபெத், அதனாலேயே பலரின் இலக்கானார். 1316இல் திபால்டு த வெர்டன் என்னும் பிரபு அவரை பிரிஸ்டல் கோட்டையிலிருந்து கவர்ந்து சென்று மணந்தார். சில மாதங்களில் இறந்தும் போனார். அடுத்து, மன்னர் இரண்டாம் எட்வர்டு தம் அணுக்கரான ரோஜர் டாமரிக்கு அவரை மணமுடித்தார். டாமரி கலகத்தில் சேர்ந்து 1322இல் மாண்டார். எலிசபெத் பார்க்கிங் கன்னிமடத்தில் காவலில் வைக்கப்பட்டார். அக்காள் கணவரான இளைய ஹியூ டெஸ்பென்சர், வேல்ஸிலிருந்த அவருடைய அஸ்க் நிலத்தை மிரட்டிப் பெற்றார்.

1326 மே மாதம் எலிசபெத் இக்கொடுமைகளை முறையீடாக எழுதி மறைவாகப் பதிந்து வைத்தார். அவ்வாண்டே டெஸ்பென்சர் வீழ்ந்து தூக்கிலிடப்பட்டார், அஸ்க் திரும்பிற்று.

அதன்பின்னும் அவர் மறுமணம் செய்யவில்லை. மனைவியின் நிலம் கணவனின் ஆளுகைக்குட்பட்டது. கைம்பெண்ணின் நிலமோ அவள் கையிலேயே இருந்தது. 38 ஆண்டுகள் அவர் கைம்பெண்ணாகவே வாழ்ந்தார். அவர் மாளிகையின் வரவுசெலவு ஏடுகள் பல இன்றும் எஞ்சியுள்ளன. 1338இல் கேம்பிரிட்ஜில் நலிந்திருந்த ஒரு கல்விக்கூடத்தை ஏற்று வளர்த்தார்; அதுவே இன்றைய கிளேர் கல்லூரி.

அக்கல்லூரிச் சின்னத்தின் கரிய விளிம்பிலுள்ள பொன்துளிகளை அவருடைய கண்ணீர் என்பது மரபு. அந்தக் கணக்கேடுகளையும் சேர்த்தே நாம் அவரை நினைக்கவேண்டும்.