காந்தளூரும் சாலையும்

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து கிள்ளிப்பாலம் நோக்கி நடப்பவருக்கு, அரிசி மூட்டைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் இடையே வழி கிடைப்பதே அரிது. சாலைக் கடைத்தெரு என்று அதற்குப் பெயர். நீண்ட தெருவாதலால் சாலை என்றார்கள் போலும் என்று வெளியூரார் எண்ணுவர். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சற்றுக் கிழக்கே சென்றால் வலியசாலை என்ற இடம் வருகிறது. வலிய என்றால் பெரிய. அங்குள்ள சிவன் கோயிலைக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்று வழங்குகின்றனர். நகரத்துக்குள் மறைந்துபோன ஓர் ஊரின் பெயர் அங்கே எஞ்சி நிற்கிறது.

பழந்தமிழில் சாலை என்பது வழியை மட்டும் குறித்த சொல் அன்று. பலர் கூடி உண்டு, உறைந்து, கற்கும் இடத்துக்கும் அதுவே பெயர். காந்தளூரில் இருந்தது அத்தகைய சாலை. அதன் பெருமையை அவ்வூர் ஆவணம் எதுவும் நமக்குச் சொல்லவில்லை; அதைப் பார்த்து அமைத்த வேறோர் ஊர் சொல்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில், முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் ஒன்று எடுத்து, 95 மாணவர்க்கு ஒரு சாலையும் நிறுவினான். ரிக் வேதத்தார்க்கு 45 இடம், யசுர் வேதத்தார்க்கு 36, சாம வேதத்தார்க்கு 14. ஒருவரையொருவர் வைதால் தண்டம். படைக்கலம் கொண்டு தாக்கினால் உணவு நிறுத்தம். இவ்வளவும் காந்தளூர் முறைமைப்படி என்கிறது அவன் செப்பேடு. மூலம் அழிந்து படி பிழைத்தது என்று சொல்லலாம்.

இந்தக் காந்தளூர்ச் சாலையில் "கலமறுத்த" செயலை, 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் தன் புகழ்களுள் ஒன்றாகக் கல்வெட்டுகளில் பொறித்தான். முதலாம் இராசாதிராசனும் பின்னர் அதே பெருமையைக் கூறிக்கொண்டான். கலம் என்றது மரக்கலமா, உண்கலமா? இதுபற்றி அறிஞரிடையே நெடுங்காலமாக வழக்கு நடந்துவருகிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மரக்கலம் என்று கொண்டோருள் சிலர் விழிஞத்துக் கடற்கரைப் பக்கம் ஊரைத் தேடினர். வலியசாலையே அது என்று துணிந்தோர் பலர். பார்த்திவசேகரபுரச் செப்பேடு மாணவர் இடங்களைக் கலம் என்ற சொல்லாலேயே எண்ணுகிறது. ஆதலால் மாணவரின் சோறு நிறுத்தப்பட்டது என்ற பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போரில் கப்பல் எரிவதைக் காட்டிலும் இது கொடியது.

ஊர் நகரத்தில் கரைவது எங்கும் உள்ளதே. செருமனியில் 1920இல் ஒரே சட்டத்தால் 7 நகரங்களும், 59 சிற்றூர்களும், 27 பண்ணைப் பகுதிகளும் பெர்லின் மாநகரோடு சேர்க்கப்பட்டன. அவ்வூர்கள் தம் தனி வாழ்வு முடிந்த நாளைக் குறித்துச் சொல்ல முடியும். காந்தளூருக்கு அந்த வசதி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்மராசா என வழங்கிய கார்த்திகைத் திருநாள் மகாராசா, பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அவருடைய திவான் இராசா கேசவதாசர் தலைநகருக்குப் பண்டம் வந்து சேரக் கோட்டைக்குக் கிழக்கே கடைத்தெரு அமைத்தார். நாஞ்சில் நாட்டு நெல் வந்தது. தமிழ் வணிகரும் வந்தனர். வேதம் ஓதிய சாலையின் பெயர் தராசு பிடித்த சாலைக்கு உரியதாயிற்று. காந்தளூர் என்ற சொல் கோயிலுக்குள் ஒதுங்கியது. நகராட்சி 1940இல் மாநகராட்சியானபோது, தனியே சேர்ப்பதற்கு அப்படியோர் ஊர் இல்லை.

இத்தெருவின் மனிதரைத் தமிழிலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ஆ. மாதவன். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த அவர், சாலையிலேயே கடை வைத்திருந்தவர். சுமை தூக்குவோரையும் சில்லறை வணிகரையும் அவர் கல்லாவில் இருந்தபடியே கண்டார்.

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது பார்த்திவசேகரபுரம் தமிழகத்தின் பக்கமும் வலியசாலை கேரளத்தின் பக்கமும் அமைந்தன. தோவாளைப் பூ அந்த எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு இன்றும் வருகிறது. சாலைக் கடைகளில் விலையைத் தமிழில் கேட்டாலும் மறுமொழி கிடைக்கும்.