ஹில்பேட்டின் கணிப்பும் மூன்று வினாக்களும்

பாடநூலில் வினாவும் விடையும் அடுத்தடுத்து நிற்கும்; கணித வரலாற்றிலோ விடை எப்பொழுது வருமென்பதை வினா எழுப்பியவரும் அறியார். யேர்மானியப் பேரறிஞர் டேவிட் ஹில்பேட்டின் கணிப்பொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

முழுவெண்களைக் குணகங்களாகவுடைய அட்சரகணிதச் சமன்பாடொன்றின் மூலமாக அமைவது அட்சரகணித எண் எனப்படும், √2 அத்தகையது. அவ்வாறான எச்சமன்பாட்டிற்கும் மூலமாகாதவை கடந்த எண்களாம். இவை உளவென்பதை 1844 இல் லியூவில் நிறுவினார். இயற்கை மடக்கையின் அடி கடந்த எண்ணென 1873 இல் ஹேர்மிற்றும், பை கடந்த எண்ணென 1882 இல் லின்டமனும் காட்டினர். கவராயமும் நேர்விளிம்பும் மட்டுங்கொண்டு வட்டத்திற்குச் சமபரப்புள்ள சதுரம் வரைதல் இயலாதென்பது இதனால் முடிந்த முடிபாயிற்று.

லின்டமனின் மாணவரே ஹில்பேட். 1900 இல் பாரிசு மாநாட்டையொட்டி அவர் முன்வைத்த 23 வினாக்களுள் ஏழாவது, 0, 1 அல்லாத அட்சரகணித எண்ணொன்றை விகிதமுறாத அட்சரகணித வலுவிற்கு உயர்த்தினால் கடந்த எண் பிறக்குமா என்பது. எட்டாவது, 1859 இல் றீமான் உய்த்துரைத்த கருதுகோள் பற்றியது: சீற்றாச் சார்பின் அற்பமல்லாத பூச்சியங்கள் யாவற்றினதும் மெய்ப்பகுதி 1/2 ஆகும் என்பது அது. முதன்மை எண்களின் பரம்பல் இப்பூச்சியங்களைச் சார்ந்துள்ளது.

1920 அளவில் ஹில்பேட் தம் விரிவுரையொன்றில், றீமானின் கருதுகோள் தம் வாழ்நாளிலேயே நிறுவப்படலாம் என்றார். பேர்மாவின் இறுதித் தேற்றத்தை அவையிலுள்ள இளையோர் காணலாம். 2 இன் √2 ஆம் வலு கடந்த எண்ணென்பதை அங்கிருந்த எவருங் காணார் என்றார். இதனைப் பிற்காலத்தவர்க்குக் கூறியவர் அவ்விரிவுரையைக் கேட்ட சீகல்.

நிகழ்ந்தது நேர்மாறு. உருசிய அறிஞர் கெல்பொண்ட் 1929 இல் வகுத்த முறையை விரித்து, 1930 இல் குஸ்மின் அவ்வலு கடந்த எண்ணென நிறுவினார். 1934 இல் கெல்பொண்டும் சினைடரும் தனித்தனியே ஏழாம் வினாவை முற்றாகத் தீர்த்தனர். அப்பொழுது ஹில்பேட் உயிரோடிருந்தார். பேர்மாவின் தேற்றத்திற்கு வைல்ஸ் தந்த நிறுவல் 1995 இல் வெளிவந்தது. றீமானின் கருதுகோளோ இன்றும் நிறுவப்படவில்லை.

இரு வினாக்களிலும் பூச்சியங்களே பொருளாதல் வியத்தற்குரியது. கெல்பொண்ட் முடிபின் மறுதலையை எடுகோளாகக் கொண்டு, மிகப்பல பூச்சியங்களையுடைய துணைச்சார்பொன்றைத் தாமே அமைத்து முரண்பாடு கண்டார். சீற்றாச் சார்பு நாம் வேண்டியவாறு அமைப்பதன்று. அதன் பூச்சியங்கள் தாமே நிற்பன. எனினும் இவ்வேறுபாடு விடை கிடைத்த பின்னரே புலனாயிற்று. அரிதென்று ஆசான் கூறினும் அவ்வினாவை அணுக மாணவன் அஞ்சற்க.