ஹிங்குராணையில் போன கை

முத்து காமிக்ஸின் முதல் நாயகன் ஒரு கள்ளன். 1972 இல் சிவகாசியிலிருந்து முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யைச் சின்ன வயதில் வாசித்த பலருக்கும் இது மறந்து போயிருக்கும். பின்னால் வந்த நாச அலைகள், பாம்புத் தீவு, உறைபனி மர்மம் எல்லாவற்றிலும் அவன் உலகத்தைக் காப்பாற்றுகிற உளவாளி. முதல் கதையில் மட்டும் அவன் பணத்தைக் கொள்ளையடிக்கிறான், ஊரை நடுங்க வைக்கிறான். கூட வேலை செய்த பேராசிரியரே அவனை மடக்கக் கிளம்ப வேண்டி வருகிறது. அந்த ஒரு இதழை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது இதற்காகத்தான். நல்லவனாகப் பிறந்து நல்லவனாகவே பறக்கிறவனிடம் பிள்ளைகளுக்கு மரியாதை வரும், கூட்டு வராது.

கதை பிறந்தது லண்டனில். 1962 ஒக்டோபர் 6 ஆம் திகதியிட்ட முதல் இதழோடு ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழ் கடைக்கு வந்தபோது அதற்குள் இந்தத் தொடரும் இருந்தது. எழுதியவர் கென் பல்மர், ஒரு டசினுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் விஞ்ஞானக் கதைகளை எழுதிக் குவித்த மனிதர். வரைந்தவர் பார்சலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய சகோதரர்களும் சகோதரியும்கூட ஓவியர்கள்தான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடுகிற வழக்கம் கிடையாது. ஆகவே லண்டன் பிள்ளைக்கும் இதைச் செய்தது யாரென்று தெரியாது, இலங்கையில் எங்கள் ஊரான இறக்காமத்துப் பிள்ளைக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் நாங்கள் சமம்.

கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தில் வலக்கை போய்விட, அதற்குப் பதிலாக இரும்பில் ஒரு கை பொருத்துகிறார்கள். பிறகு இன்னொரு விபத்து. பெருமின்னோட்டம் உடம்பில் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுகிறான். கை மட்டும் மறையவில்லை. மின்னோட்டத்தின் வேகம் இறங்கியதும் உடம்பு திரும்ப வெளியே தெரிய ஆரம்பிக்கும். மறுபடி மறைய மறுபடி கரண்டில் கை வைக்க வேண்டும். எச். ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் குளிரில் வெறும் உடம்போடு அலைந்தான். கிராண்டேலுக்கோ உடுப்பும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. விஞ்ஞானப்படி அது எப்படி என்று கேட்கக்கூடாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யார் கண்ணிலாவது புத்தகம் பட்டிருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு ஆசிரியரை வாழ்த்தியிருப்பார்கள்.

வேலியன்டில் இது வாரா வாரம் இரண்டு இரண்டு பக்கமாக வந்த தொடர். சந்தியில் நிறுத்தினால்தான் அடுத்த வாரம் பிள்ளை காசு கொடுக்கும். எனவே இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை கிராண்டேல் மாட்டிக்கொள்வான், கூரையிலிருந்து விழுவான், அல்லது கரண்ட் தீர்ந்து அரை உடம்பு தெரிய ஆரம்பிக்கும். லண்டன் பிள்ளை இதை மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் குடித்தான். சிவகாசியில் அதை ஒரே புத்தகமாகக் கோத்ததும் கதையின் நாடித்துடிப்பே மாறிப்போனது. மூச்சுவிட இடமில்லாத ஓட்டம். ஆரம்பக் கதைகளை லண்டனிலேயே டைட்டன் நிறுவனம் நூலாகத் தொகுத்தது 2005 இல். நாங்கள் அதற்கு எத்தனையோ வருசத்துக்கு முன்பே ஒரே மூச்சில் முடித்தவர்கள்.

சிவகாசிக்கு இது வந்தது மு. சௌந்தரபாண்டியனால். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து கலண்டர் அச்சடிக்கிற ஊரில் கொமிக்ஸ் அச்சடிக்கலாம் என்று அவர் நினைத்தார். முதல் ஆசிரியராக இருந்தவர் குழந்தை எழுத்தாளர் முல்லை தங்கராசன். லூயிஸ் கிராண்டேலை அப்படியே விட்டு, தலைப்பில் மாயாவி என்று வைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட மாதிரி கிராண்டேல் என்ற பெயர் யார் வாயிலும் ஒட்டவேயில்லை.

1972 இல் அந்த இதழ் இலங்கைக்குக் கடை வழியாக வந்திருக்க வழி குறைவு. சிறிமா பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சி தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளையும் புத்தகங்களையும் இறுக்கிப் பிடித்திருந்த காலம். அந்த இறுக்கத்தில்தான் வீரகேசரி பிரசுரங்கள் என்று நம் நாட்டு நாவல்கள் வரிசையாக வந்தன, அது பெரியவர்களுக்குக் கிடைத்த லாபம். பிள்ளைகளுக்கு 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்த பிறகுதான் விடிந்தது. அதுவரை அம்பாறை பஸ் ஸ்டாண்டில் சிங்களச் சித்திரக்கதைப் பேப்பர்கள் தொங்கும். எழுத்துத் தெரியாமல் படம் மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

எங்கள் வீட்டுப் பிரதி அப்போதும் கடை வழியாக வரவில்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, எங்கள் சாச்சா (சித்தப்பா) நாகூருக்குப் போவதாக ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் வருசா வருசம் கொடியேறும். அதற்குப் போய்வந்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். சாச்சா கேட்கவில்லை. தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேஸ்வரம் போய், நாகூரில் சியாரத்தை முடித்துக்கொண்டு திரும்பினார். கொண்டுவந்த பெட்டியில் சாரம், சேலை, தபர்ருக் சீனி, அத்தர்ப் போத்தல். அடியில், சேலை மடிப்புக் குலையாமல் இருக்கவென்று தட்டையாக வைத்த ஒரு பழைய கொமிக்ஸ். பழைய புத்தகக்காரனிடம் சில்லறைக்குப் பதிலாக வாங்கியதாம்.

மன்னார்ப் பாதையில் ரயில், மாகோவில் மாறி மட்டக்களப்பு ரயில், பிறகு கல்முனைக்கு பஸ், அங்கே மாறி இறக்காமத்துக்கு இன்னொரு பஸ். புத்தகம் இறங்கிய நேரம் அத்தர் மணந்தது. அந்த மணம் நடுப் பக்கங்களில் நெடுங்காலம் இருந்தது.

முன் அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. பின் அட்டை பாதி. முதுகில் போட்டிருந்த கம்பி துருப்பிடித்து, இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டக் கறை. எங்கள் காக்கா (அண்ணன்) அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, குளத்து மீன்காரரிடம் வாங்கிய தங்கூசியால் தைத்தார். சீமெந்துப் பேக்கின் உள்தாளில் அட்டை போட்டார். இறக்காமம் குளத்தில் வலைக்கு உதவுகிற தங்கூசி, தாளை அறுக்கும். ஆகவே தையல் ஓட்டைகளுக்கு உள்ளே சின்னதாக வெட்டிய துணித் துண்டு வைத்துத் தைத்திருந்தார். பின்னாளில் காக்கா மேசன் வேலைக்குத்தான் போனார். அவர் செய்த வேலைகளில் மிகவும் நுணுக்கமானது அதுவென்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முன்பக்கங்கள் போனதால் எங்கள் கதை தொடங்குவதே அந்தரத்தில் தொங்கும் ஒரு கையோடுதான். பிளாஸ்கோவின் தூரிகை நிழலை அடர்த்தியாகப் போடும். சிவகாசி அச்சில் அந்த நிழல் இன்னும் மொத்தமாகிச் சில கட்டங்களில் சுவரும் ஆளும் ஒரே கறுப்பு. கை மட்டும் வெள்ளையாக, விரல் மூட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக நிற்கும். அச்சின் குறை கதைக்கு உதவிய இடம் அது. வேலியன்டின் மூலப் பக்கங்களைப் பிற்பாடு பார்த்தபோது அவை இன்னும் துல்லியமாகத்தான் இருந்தன. பயம் மட்டும் குறைவு.

ஆனால் அந்தக் கை எப்படிப் போனது? புத்தகம் சொல்லாது. எனவே காக்கா சொன்னார். அவருடைய கதையில் மாயாவி எங்கள் பக்கத்து ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவன். கரும்பு பிழிகிற பெரிய உருளைக்குள் ஒரு கட்டுக் கரும்பு சிக்கிக்கொண்டது, மெஷினை நிறுத்தினால் சம்பளத்தில் பிடிப்பார்கள், நிறுத்தாமல் இழுக்கப் போனான், கை உள்ளே போய்விட்டது. நட்டஈடு கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைந்தான். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பட்டறைக்காரர் இரக்கப்பட்டு இரும்பில் ஒரு கை அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் களவெடுக்க இறங்கினான்.

“அப்ப அவன் ஏன் காக்கா கோட்டுப் போட்டிரிக்கான்?”

“குளிரு மனே. நுவரெலியாப் பக்கம் போயிட்டான்.”

கரும்புக் காணி உள்ளவர்களின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்தக் கதை ஒரு கிழமைக்குள் பரவிவிட்டது. சூடடிக்கிற மெஷினில் விரல் கொடுத்தவர்களை எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. இது வெறும் இட்டுக்கட்டல்தான். ஆனால் புத்தகத்தில் இருக்கிற கொள்ளைக்கு அது ஒரு காரணம் கொடுத்தது. மூலக் கதை அந்த இடத்தில் கொஞ்சம் நழுவும்: இரண்டாவது விபத்து மூளையைக் குழப்பிவிட்டது என்பது போல ஒரு சமாதானம். காக்காவின் மாயாவிக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த சிக்கல் கரண்ட். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் 11 மெகாவாட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வளவில் அரிக்கன் லாம்பு. சுவரில் ஒரு பிளக் இல்லாத ஊரில் மாயாவி இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான் என்பது வகுப்பில் நடந்த பெரிய விவாதம். மழைக்காலத்தில் மின்னல் விழும்வரை தென்னை மரத்தடியில் காத்திருப்பான் என்றான் ஒருவன். டோர்ச் பெட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தோம். உம்மாவுக்குத் தெரிந்துபோனது.

“கரண்ட்ல கைய வெச்சா மறைய மாட்டாய், மௌத்தாப் போயிருவாய். அந்தப் புத்தகத்தத் தா இங்க.”

இரண்டு மாதம் புத்தகம் அரிசிப் பெட்டிக்குள் இருந்தது. உம்மம்மாவுக்கு வேறு கவலை. கண்ணுக்குத் தெரியாமல் திரிவது ஜின், அதன் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? கை தெரிகிறதே என்று நாங்கள் வாதாடினோம். கை மட்டும் தெரிகிற ஜின்னைத் தன் வயதில் கேள்விப்பட்டதில்லை என்று யோசித்துவிட்டு, அப்படியென்றால் பரவாயில்லை என்று விட்டார். ஓதப் போகும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது.

அசருக்குப் பிறகு குளத்துக்கட்டில் விளையாட்டு. ஒருவன் வலக்கையில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிக்கொள்வான். அவன் மாயாவி. மற்றவர்கள் அவனுடைய உடம்பைப் பார்க்கவே கூடாது. முகத்தைப் பார்த்துக் கதைத்தவன் அவுட். கையை மட்டும் துரத்தித் தொட வேண்டும். சேற்றுக்குள் விழுந்தெழும்பிய ஒரு பொடியனைக் கண் முன்னே வைத்துக்கொண்டு, வெறும் வெள்ளித்தாளை மட்டும் பார்ப்பதற்குப் பழக வேண்டும். எளிதில்லை. மாயாவியாக நிற்கிறவனுக்கும் சங்கடம்: ஓடி ஒளியலாம், கையை மட்டும் மறைக்கக் கூடாது, சட்டைப் பைக்குள் விட்டால் கள்ளாட்டம். இந்தச் சட்டத்தை நாங்கள் போட்டோம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் கதையின் மொத்த விசையும் அதற்குள்தான் இருக்கிறது. சூப்பர்மேனுக்குப் பலவீனம் வெளியிலிருந்து, ஒரு பச்சைக் கல்லாக வரவேண்டும். கிராண்டேலுக்கு எது பலமோ அதுவே காட்டிக்கொடுக்கும். இரும்புக்கை இல்லாவிட்டால் அவனில் விசேஷமில்லை, இருப்பதால் ஒளிய முடியாது.

இதைக் கதாசிரியர்களே பிற்பாடு மறந்துவிட்டார்கள். டொம் டல்லி எழுதிய தொடர்ச்சிகளில் அவன் ‘நிழற்படை’ என்கிற உளவுத்துறையில் சேர்ந்து, விரலுக்குள் துப்பாக்கி, வானொலி என்று கையே ஒரு சில்லறைக் கடையாகிவிட்டது. கொஞ்சக் காலம் முகமூடியும் உடையும் போட்ட அமெரிக்க மாதிரி வீரனாகக்கூட ஆக்கிப் பார்த்தார்கள். பாம்புத் தீவு பரபரப்பாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. அதை வாசித்து முடித்த பிறகு குளத்துக்கட்டில் விளையாட எதுவும் மிஞ்சாது.

கள்ளன் நாயகனாவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவையும் வாய்த்தது. சிவகாசியில் அதே வீட்டிலிருந்து சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984 இல் லயன் காமிக்ஸ் தொடங்கினார். அதில் வந்த ஸ்பைடரும் ஆரம்பத்தில் குற்றவாளிகளின் அரசன். அவனுடைய கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், 1938 இல் சூப்பர்மேனை நண்பரோடு சேர்ந்து 130 டொலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பின்னால் லண்டன் இதழ்களுக்கு எழுதியவர். வானத்துத் தேவதூதனைப் படைத்தவரே கடைசியில் ஒரு கள்ளனையும் எழுதினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஸ்பைடர் இதழ்கள் எங்கள் கைக்கு ஒழுங்காக வரவில்லை. அதே 1984 இல் இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. பிறகு யுத்தத்தில் எங்கள் பக்கத்து ரோட்டுகளே ஒழுங்காகத் திறந்திருக்கவில்லை. மாயாவி மட்டும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். வரிப்பத்தாஞ்சேனையில் ஒரு மச்சானுக்குக் கொடுத்தோம், அவன் அக்கரைப்பற்றில் ஒருத்தனுக்குக் கொடுத்தான். அதற்கு மேல் துப்புக் கிடைக்கவில்லை. தங்கூசித் தையல் இருப்பதால் பார்த்தால் அடையாளம் பிடித்துவிடுவேன்.

சிவகாசிக்காரர்கள் இடையில் சோர்ந்து, 2012 இல் மறுபடி எழும்பி, பழைய மாயாவி கதைகளை மறுபதிப்புச் செய்தார்கள். சென்னைக்கு மருந்தெடுக்கப் போன உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன். வெள்ளைத் தாள், ஒரு பக்கமும் குறையவில்லை. ஆய்வுகூடம், பேராசிரியர் பேரிங்கர், விபத்து என்று அந்த முதல் பக்கங்களை அப்போதுதான் கண்டேன். நன்றாக வரைந்திருக்கிறார். அன்றிரவே காக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், கை போனது லண்டனில், ஆய்வுகூடத்தில், கரும்பு மெஷினில் இல்லை என்று.

காக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“நட்டஈடு குடுத்தானுகளாமா?” என்றார்.

அதைப் பற்றி ஒரு கட்டத்திலும் இல்லை என்றேன்.

“அப்ப அது சரியான புத்தகம் இல்ல” என்றுவிட்டு, நெல் விலை என்னவென்று விசாரிக்கத் தொடங்கினார்.