சக்தி (இசைக்குழு)

பிரிட்டனின் யார்க்‌ஷரில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், தபலா மேதை ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம் ஆகியோர் 1970களில் அமைத்த குழு. கர்நாடக, இந்துஸ்தானி இசைகளும் ஜாஸும் அதில் ஒன்றாக ஒலித்தன. 1978ல் கலைந்த குழு, 1997ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று மீண்டும் எழுந்தது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் கஞ்சிரா செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் பின்னர் இணைந்தனர்.

2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில், ஸ்ரீநிவாஸ் சென்னையில் மறைந்தார். மெக்லாக்லினின் வேகத்துக்கு ஈடுகொடுத்ததோடு, அந்த வேகத்திலும் கமகம் குலையாமல் வாசித்தவர் அவர். குழு அவருக்கு மாற்றாக இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. வயலினுடன் கணேஷ் ராஜகோபாலன் வந்தார். சரியான முடிவு அது. பெருந்தொற்றுக் காலத்தில் அவரவர் ஊரிலிருந்தபடி பதிவுசெய்த ‘திஸ் மொமெண்ட்’ 2023ல் வெளியானது. 45 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் சக்தியின் முதல் ஸ்டுடியோ ஆல்பம். அதிலுள்ள ‘ஸ்ரீனிஸ் ட்ரீம்’ ஸ்ரீநிவாஸின் பெயரைத் தாங்கியது. 2024 பிப்ரவரியில் ஆல்பத்துக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் காலமானார்.