மோரிஸ் மைனர் காரின் டிரம் பிரேக்: வரலாறும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

மோரிஸ் மைனர் என்பது அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு அறிமுகமான சிறிய கார். 1970-களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனைப் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் தயாரித்தது. இலங்கையில் இன்றும் இக்கார் பலருடைய அன்றாட வண்டி. அதன் உதிரிப்பாகங்களைச் செய்வதற்கென்றே அங்கு ஒரு தொழிற்கூடம் தொடங்கப்பட்டதும் உண்டு.

இக்காரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். சாதாரணக் கருவிகளைக் கொண்டு உரிமையாளரே வீட்டில் கழற்றி மாட்டிவிடலாம். எனினும் இதன் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் கைவைப்பவர் தம் உயிரையும் வீட்டாரின் உடல்நலத்தையும் இடருக்கு உள்ளாக்குகிறார்.

தோற்றம்

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் உருளை டிரம் எனப்படும். அதனுள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் உள்ளன. மிதியை அழுத்தும்போது இவை விரிந்து உருளையின் உட்சுவரில் உராய்கின்றன. வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. பள்ளி அறிவியலில் நாம் படித்த ஆற்றல் மாற்றம்தான் இது. இந்த அமைப்பைப் பிரான்சின் லூயி ரெனோ 1902-இல் செம்மைப்படுத்தினார்.

தொடக்கக் காலக் கார்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. வண்டி நிற்கும்போது எடை முன்புறம் சாய்வதால் முன்சக்கரங்களே அதிகம் தடுக்க வல்லவை. ஆனால், திரும்பும் சக்கரத்துக்குக் கம்பியாலும் தண்டாலும் விசையைக் கொண்டுசெல்வது கடினமாக இருந்தது. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு இழுவை கிடைக்கும்படி அவற்றைச் சரிசெய்வதும் பெரும்பாடு.

திரவம் வந்த கதை

இதற்குத் தீர்வு பாஸ்கல் விதியில் இருந்தது. மூடிய குழாயில் உள்ள திரவத்தின் மீது தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். அமெரிக்கரான மால்கம் லோகெட் இதனைக் கார் பிரேக்குக்குப் பயன்படுத்தினார். ‘லாக்ஹீட்’ என்று இன்று வழங்கும் பெயர் அவர் குடும்பப் பெயரின் ஒலிவடிவமே. அதே பெயர்கொண்ட விமான நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன் அவருடைய சகோதரர்.

1921-ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் திரவ பிரேக் பொருத்திய டூசன்பர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்பி வென்றார். 1924-இல் கிரைஸ்லர் நிறுவனம் அதை நடுத்தர விலைக் காருக்குக் கொண்டுவந்தது. ஃபோர்டு நிறுவனமோ 1939-ஆம் ஆண்டு மாடல் வரை இயந்திரத் தண்டுகளையே நம்பியிருந்தது.

மோரிஸ் மைனர் தொடக்கம் முதலே லாக்ஹீட் திரவ பிரேக்குடன் வந்தது. டிரம்மின் விட்டம் 7 அங்குலம். 1962-இல் பெரிய எஞ்சின் வந்தபோது முன்சக்கர டிரம் மட்டும் 8 அங்குலமாயிற்று.

முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களுக்கும் தனித்தனி வீல் சிலிண்டர் உண்டு. வண்டி முன்னே செல்லும்போது, சுழலும் டிரம்மே இரண்டு ஷூக்களையும் தன்பால் மேலும் இழுத்துக்கொள்ளும். அதனால் மிதிக்கும் விசையைவிடத் தடுக்கும் விசை பெருகுகிறது. பின்னோக்கிச் சென்றால் இந்த நன்மை கிடைக்காது. ஆகவே பின்சக்கரத்தில் ஒரு ஷூ முன்னோட்டத்துக்கும் மற்றொன்று பின்னோட்டத்துக்கும் உதவும்படி அமைத்தனர். மேட்டில் நிற்கும் வண்டி பின்னே உருளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைனிங்கும் கல்நாரும்

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையே லைனிங். இங்கிலாந்தின் டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளுக்காக 1897-இல் உராய்வுக் கட்டைகளை ஆராயத் தொடங்கினார். அவர் நிறுவியதே ஃபெரோடோ. முதலில் பருத்தி போன்ற நார்களைப் பயன்படுத்தினர். சூட்டில் அவை கருகின. 1908 வாக்கில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் அவ்விடத்தைப் பிடித்தது. தீயில் எரியாத, விலை குறைந்த அப்பொருள் பல பத்தாண்டுகள் உலகெங்கும் லைனிங்காக விளங்கியது.

அதன் தீங்கு பிற்காலத்தில்தான் தெரியவந்தது என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா 1924-இல் இறந்தார். நுரையீரலில் படிந்த கல்நார்த் தூசியே காரணம் என்று மருத்துவர் கண்டார். 1931-இல் அங்கு தொழிற்சாலைகளுக்கான விதிகள் வந்தன. ஆனால், சக்கரத்தைக் கழற்றி, காற்றடித்துத் தூசியை ஊதும் மெக்கானிக்கை அந்த விதிகள் எண்ணிப் பார்க்கவில்லை. வெள்ளைக் கல்நாருக்கு அந்நாட்டில் முழுத்தடை வந்தது 1999-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அத்தூசியைச் சுவாசித்தவர்களுக்குக் கணக்கில்லை.

வீட்டில் பழுது பார்க்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின் மேல் வண்டியை இருத்த வேண்டும். பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திய பிறகே டிரம் வரும். அட்ஜஸ்டரையும் முழுவதும் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

டிரம்மைக் கழற்றியதும் ஊதக் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் தேவை, கைக்குட்டை போதாது. குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. உறை பிரிக்காத பழைய லைனிங் கிடைத்தால் அசல் பொருள் என்று மகிழ்ந்து பொருத்துவோர் உண்டு. அது கல்நாராக இருக்கலாம். கல்நார் இல்லாத புதிய லைனிங்கே நல்லது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுவது சிறந்த வழக்கம். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் வந்தால் மறுபக்கம் விடை சொல்லும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் கசிவு என்று பொருள். சிலிண்டரின் உட்சுவரில் துரு அரித்த குழி இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை; சிலிண்டரையே மாற்ற வேண்டும். திரவம் ஊறிய லைனிங்கை எவ்வளவு கழுவினாலும் பழைய பிடிப்பு வராது.

நம் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். இப்பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. அது கனிம எண்ணெய் அன்று. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறிய நிலையில் அதன் வரம்பு 155 பாகைதான். மலைப்பாதையில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே உள்ளது. அதற்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பிறகு அட்ஜஸ்டரை டிரம் உரசும் வரை இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலுமளவு தளர்த்த வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர்கள் உள்ளன என்பதை மறக்கலாகாது.

நினைவில் கொள்ள வேண்டியது

மோரிஸ் மைனரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்றுதான். பிற்காலக் கார்களில் வந்த இரட்டைச் சுற்று இதில் இல்லை. எங்கேனும் ஒரு சிலிண்டர் ஒழுகினாலும் நான்கும் போய்விடும். எஞ்சுவது கம்பியால் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே பழுது பார்த்தவர் முதலில் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெல்ல இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் வீட்டு வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஐயம் சிறிதேனும் இருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டும்.