தேக்குக்குப் பின் யானை

யானையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மரத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வட தாய்லாந்தில், சியாங் மாய் நகருக்கு வடக்கே மே தாங் பள்ளத்தாக்கிலுள்ள யானைக் காப்பகத்தில் ஒரு பகலைக் கழித்துத் திரும்பிய எனக்கு, அங்கே கண்ட காட்சிகளைவிட, அப்படி ஓர் இடம் தேவைப்பட்டதன் காரணங்களே முக்கியமாகப் படுகின்றன. பயணக் கட்டுரை நம்மிடையே கண்டதையெல்லாம் வியக்கும் பழக்கமாகச் சீரழிந்திருக்கிறது. வியப்பு சரித்திரத்தை மறைக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கருணையும் மறைக்கும் என்பதுதான் அவ்வளவாகக் கவனிக்கப்படாத விஷயம்.

தேக்கு என்ற நம் சொல்லின் மலையாள வடிவம் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்தின் 'டீக்' ஆயிற்று. சொல் போன வழியிலேயே கோடாலியும் போயிற்று. மலபார்க் காடுகளை ஒட்டத் துடைத்த கப்பல் கட்டும் வியாபாரம் பர்மாவுக்கும், அங்கிருந்து வட ஸயாமுக்கும் நகர்ந்தது. 1855-ல் கையெழுத்தான போரிங் உடன்படிக்கை ஸயாமை ஆங்கில வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனும் போர்னியோ கம்பெனியும் வடக்கின் சிற்றரசர்களிடமிருந்து காடுகளைக் குத்தகைக்கு எடுத்துவிட்டன. 1896-ல் ஸயாம் அரசு வன இலாகாவை நிறுவியபோது அதன் தலைமைக்கு வந்த ஹெர்பர்ட் ஸ்லேட், பர்மாவின் பிரிட்டிஷ் வன நிர்வாகத்தில் பழகியவர். காட்டை ஒரு கணக்குப் புத்தகமாகப் பார்க்கும் அந்த மனோபாவமேதான் நம் ஆனைமலைக் காடுகளையும் ஆண்டது.

இந்த வியாபாரத்தின் வேலைமுறை யானையில்லாமல் நடந்திருக்காது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே மரத்தின் அடியில் சுற்றிலும் ஆழமாக வெட்டி, நின்றபடியே சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காயவைத்து, பிறகு வீழ்த்துவார்கள். வீழ்ந்த கட்டையை மலைச்சரிவிலிருந்து ஓடைக்கு இழுத்துவருவது யானை. மழைக்காலத்தில் ஓடை பெருகிக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டால், வெள்ளத்தில் இறங்கி நெற்றியால் முட்டி விடுவிப்பதும் யானை. பிங், வாங், யோம், நான் ஆறுகளில் மிதந்து, தெப்பமாகக் கட்டப்பட்டு, சாவோ பிரயா வழியே கட்டை பாங்காக் சேரப் பல வருஷங்கள் ஆகும். கோடாலி பிடித்தவர்களில் பெரும்பாலோர் லாவோஸ் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த கமு மக்கள். யானைமேல் அமர்ந்தவர்களில் கணிசமானோர் கரேன் மலைவாசிகள். கம்பெனிகளின் சரித்திரத்தில் இவர்களுக்குப் பெயர் கிடையாது.

ஸயாமின் தேசியக் கொடியில் 1917 வரை நின்றது ஒரு வெள்ளை யானை. அரண்மனையின் வெள்ளை யானைக்குப் பிராமணப் புரோகிதர்கள் சடங்கு செய்தார்கள். இத்தனை புனிதத்துக்கும் நடுவில், 1939-ம் வருஷத்துச் சுமை விலங்குகள் சட்டம், வீட்டு யானையை மாடு, எருமை, குதிரை, கழுதையோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. காட்டு யானை அரசின் பாதுகாப்புக்குரியது. பழக்கிய யானை வாங்கவும் விற்கவும் வாடகைக்கு விடவும் உரிய சொத்து. ஒரே பிராணி, இரண்டு சட்டம். கொடியில் இருந்ததையும் சங்கிலியில் இருந்ததையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தால்தான் புனிதம் என்ற சொல்லை நாம் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்துகிறோம் என்பது புரியும்.

1988 நவம்பரில் தெற்கே நகோன் சி தம்மராத் மாகாணத்தில் பெருவெள்ளம். மொட்டையடிக்கப்பட்ட மலைகளிலிருந்து மண்ணும் வெட்டிப் போட்ட கட்டைகளும் கிராமங்களின்மேல் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1989 ஜனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் குத்தகைகளை அரசு ரத்து செய்தது. சரியான முடிவு, தாமதமான முடிவும்கூட. ஆனால் அதனால் வேலையிழந்த யானைகளைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் தீனி கேட்கும் பிராணியை, வருமானம் நின்றுபோன ஒரு மலைக்குடும்பம் எப்படிக் காப்பாற்றும்? சில யானைகள் பாங்காக் தெருக்களில் வாழைப்பழத்துக்குக் கையேந்தின. சில, பர்மா எல்லையோரம் மரம் இழுக்கப் போயின. 1999-ல் அங்கே கண்ணிவெடியை மிதித்துக் காலை இழந்த மோதாலா என்ற யானை உலகச் செய்தியானது. எஞ்சியவை சுற்றுலாவுக்கு வந்தன: முதுகில் நாற்காலி, தும்பிக்கையில் தூரிகை.

இந்த இடத்தில் நம் ஊரோடு ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் மரம் இழுத்த யானைகள் வன இலாகாவுக்குச் சொந்தம். மரம் வெட்டுவது நின்றபின்னும் அவற்றுக்குக் கவளம் நிற்கவில்லை. வயதானால் ஓய்வும் உண்டு. இதைக் கருணை என்று கொண்டாட வேண்டாம். அவை அரசின் சொத்து, ஆகவே அரசின் செலவு, அவ்வளவுதான். தாய்லாந்தில் பெரும்பாலானவை தனியார் சொத்து. ஆகவே சந்தையின் பொறுப்பு. யானையின் கதியை நிர்ணயித்தது மக்களின் இதயத்தைவிட உரிமைப் பத்திரந்தான்.

1990-களில் சங்டுவன் சைலர்ட் என்ற பெண்மணி தொடங்கியது நான் போன காப்பகம். அவர் கமு வம்சத்தவர். கோடாலிக் கூலிகளாக வந்தார்களே, அதே மக்கள். சவாரி இல்லை, வித்தை இல்லை, அங்குசம் இல்லை என்பது அங்கே விதி. ஃபாஜான் என்ற பழக்கத்தை, அதாவது குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து மரச்சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டிப் பணியும்வரை வதைப்பதை, வெளியுலகம் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நம் முகாம்களின் 'கரால்' இதற்கு மிகத் தூரத்து உறவு என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டியதில்லை.

ஜோக்கியா என்ற குருட்டு யானையின் கதையை அங்கே சொல்வார்கள். கட்டை இழுக்கையில் குட்டி ஈன்றது, குட்டி இறந்தது, பிறகு வேலை செய்ய மறுத்தது, பணியவைக்கும் முயற்சியில் கண்கள் போயின. கேட்ட எங்கள் குழுவில் சிலர் அழுதார்கள். நியாயமான அழுகை. ஆனால் அந்தக் கதையில் கொடுமைக்காரன் ஒரு பாகன் மட்டுமே. குத்தகை வாங்கிய கம்பெனியும், கொடுத்த சிற்றரசனும், லண்டனில் தேக்குத் தளத்தில் நடந்தவனும் கதைக்கு வெளியே நிற்கிறார்கள். யானைக்குப் பெயர், வயது, காயங்களின் வரலாறு எல்லாம் உண்டு. பக்கத்தில் வாழைப்பழப் பையோடு வெயிலில் உட்கார்ந்திருந்த பாகனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வழிகாட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே விசாரித்தேன். கரேன், தகப்பன் காலத்தில் மரம் இழுத்தவர்கள். யானையைவிட்டு அப்பால் போக இவருக்கு இரவில்தான் முடியும். நூறாண்டுக்கு முன் கம்பெனிக் கணக்கில் இல்லாமல் போனவர், இன்று கருணையின் கணக்கிலும் இல்லை.

காப்பகத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. சவாரி முகாம்களோடு ஒப்பிட்டால் அது மேலானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சங்கிலியின்றி ஆற்றில் இறங்கும் யானையைப் பார்த்தவன் அதை மறுக்க முடியாது. ஆனால் யானை இன்னமும் தன் தீனியைத் தானே சம்பாதிக்கிறது என்பதும் உண்மை. முன்பு தோளால், பிறகு முதுகால், இப்போது வெறுமனே பார்க்கப்படுவதால். இந்த ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்பதை 2020 காட்டியது. தொற்றுநோயால் விமானங்கள் நின்றதும் வருமானம் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் முகாம்களிலிருந்து மே சேம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு நாள்கணக்கில் நடந்தே திரும்பின. அவற்றுக்குப் புல் கொடுத்தது அந்தக் கரேன் கிராமங்கள்தாம்.

2024 அக்டோபரில் மே தாங் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது, காப்பகத்திலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை மேட்டுக்கு ஓட்டிச் சென்றார்கள். இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றில் ஒன்று பார்வையற்றது. 1988-ன் வெள்ளத்துக்குப் பின் ஒரு சட்டம் வந்தது. இந்த வெள்ளத்துக்குப் பின் நன்கொடைகள் வந்தன. நன்கொடை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் 1939-ன் சட்டம் யானையைச் சொத்தென்று வகுத்த வகுப்பு அப்படியே இருக்கிறது. அது மாறாதவரை, அடுத்த வெள்ளத்திலோ அடுத்த நோயிலோ, தாய்லாந்தின் யானைக்கு யார் புல் போடுவது என்ற கேள்வியை அதன் பாகன்தான் தனியாக எதிர்கொள்வான்.